ஹுவேயிலிருந்து ஹோய் ஆனுக்கு: ஹாய் வான் கணவாய் வழியே

ஞாயிறு, ஹுவே

நாளைக்குக் கார் பேசியாகிவிட்டது. வியட்நாமின் ஹுவேயிலிருந்து ஹோய் ஆன் வரை, நானும் அம்மாவும் மட்டும். நேராகப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற தூரம். நாங்கள் ஒரு பகல் முழுவதையும் அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ரயிலில் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்த ரயில் பாதை அழகானதுதான், மலையடிவாரத்தில் கடலை ஒட்டியே ஓடுகிறது. ஆனால் அம்மா "இங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்றால் ரயில் நிற்காது. பைக்கை வாடகைக்கு எடுத்து, வழியிலுள்ள ஹாய் வான் கணவாய் ஏறும் இளைஞர்கள் ஏராளம். நம்மூர்க்காரர்கள் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. போலீஸ் நிறுத்தினாலும் விபத்து நடந்தாலும் அந்த அட்டை கைகொடுக்காது. டிரைவரோடு வண்டி எடுப்பதே இங்கே சரியான வழி.

வண்டி பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது, "சுரங்கப்பாதை வேண்டாம், கணவாய் வழியாகப் போக வேண்டும்" என்பது. 2005இல் ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஹாய் வான் சுரங்கம் திறந்ததிலிருந்து கார்களும் பஸ்களும் பெரும்பாலும் அதற்குள்தான் போகின்றன. சொல்லாமல் விட்டால் மலையைப் பார்க்காமலே மலையைக் கடந்துவிடுவோம். நிற்கப்போகும் இடங்கள், காத்திருக்கும் நேரம், டீசல், சுங்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, போனில் எழுத்தாக வாங்கிக்கொண்டேன். விடுதியை நடத்தும் பெண்மணிதான் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

இன்று பகலெல்லாம் தூறல். குடையோடுதான் கோட்டைக்குள் சுற்றினோம். 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்கள் ஆண்ட தலைநகரம் இது. கடைசி அரசர் பாவோ தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று கோட்டையின் தெற்கு வாசல் மாடத்தில் நின்று முடி துறந்தார். 1968இல், வியட்நாம் போரின்போது, உள்ளே இருந்த மாளிகைகள் பல தரைமட்டமாயின. இன்று புல் மட்டும் வளர்ந்திருக்கும் திடல்களைக் கடக்கும்போது அடித்தளக் கற்கள் தெரிகின்றன.

அம்மாவை வெகுநேரம் நிற்க வைத்தவை ஒன்பது வெண்கலக் கலயங்கள். மின் மாங் அரசர் காலத்தில், 1835க்கும் 1837க்கும் இடையில் வார்த்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 டன் எடை, ஆள் உயரம். அவற்றைச் சுற்றி நாட்டின் மலை, ஆறு, மரம், மிருகம், படகு, பீரங்கி என்று எல்லாம் புடைப்பாக இருக்கின்றன. அரசர் தன் நாட்டையே ஒன்பது பாத்திரங்களில் பதித்து, முன்னோர் கோயிலுக்கு எதிரே வரிசையாக வைத்துவிட்டார். அவற்றில் ஒன்றில் ஹாய் வான் கணவாயின் வாசலும் இருக்கிறது. நாளை போகப்போகிற இடம் என்று காட்டியதும் அம்மா அந்த வரிகளை விரலால் காற்றிலேயே தடவிப் பார்த்தார்.

மாலையில் கை தின் அரசரின் கல்லறை. 1920இல் தொடங்கி 1931இல் முடித்திருக்கிறார்கள். வெளியே கறுத்த கான்கிரீட், உள்ளே போனால் சுவர் முழுக்கப் பீங்கான் சில்லும் கண்ணாடித் துண்டும் பதித்த பூவேலை. பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட ஓர் அரசர், மக்கள்மேல் வரியைக் கூட்டிக் கட்டிக்கொண்டது. வேலைப்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை, யார் பணம் என்பதையும் மறக்க முடியவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஹுவே நிம்மதியான ஊர். பௌத்த வழக்கப்படி அமாவாசை முடிந்த முதல் நாளும் பௌர்ணமியன்றும் பல வீடுகளில் மரக்கறிதான். "சாய்" என்று பலகை போட்டிருக்கும் கடைகளில் மீன் சாறுகூடச் சேர்ப்பதில்லை. மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பு என்று கேட்டாலும் மீன் சாறு வந்துவிடும். அம்மா இன்று இரவு காளானும் சோயா பன்னீரும் போட்ட சோற்றைத் திருப்தியாகச் சாப்பிட்டார்.

திங்கள், சாலையில்

எட்டு மணிக்கு முன்பே வண்டி வாசலில். டிரைவர் ஐம்பதைத் தாண்டிய ஹுவேக்காரர். ஆங்கிலம் கொஞ்சம் வரும், வராத இடத்தில் போனில் பேசி மொழிபெயர்ப்பைக் காட்டுவார். அம்மா முன்னிருக்கையில் ஏறுவதற்கு முன்பே இருக்கையைப் பின்னால் தள்ளி முட்டிக்கு இடம் செய்து கொடுத்தார். ஊரைத் தாண்டும்போது, "நெடுஞ்சாலையில் போகலாம், அல்லது கடலோரச் சாலையில் போகலாம். கடலோரம் மெதுவாகத்தான் போக முடியும், ஆனால் பார்க்க இருக்கிறது" என்று போனைக் காட்டினார். கடலோரமே என்றோம்.

கிழக்கே துவான் ஆன் வரை போய்ப் பாலத்தில் கழியைக் கடந்தால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு வருகிறது. தாம் யாங், காவ் ஹாய் என்று தொடர்ந்து கிடக்கும் இந்தக் காயல் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் நீளம், 22,000 ஹெக்டேர் பரப்பு. தென்கிழக்கு ஆசியாவில் இதைவிடப் பெரிய காயல் தொகுதி இல்லை என்கிறார்கள். ஆழம் குறைவு. மூங்கில் கழிகளை நட்டு வலை கட்டி, மீனைக் கூம்பின் முனைக்கு ஒதுக்கிப் பிடிக்கிறார்கள். தூறலில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அதில் அந்தக் கழிகள் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தன. ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம்கட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம், டிரைவர் அவசரப்படுத்தவில்லை.

ஆன் பாங் கிராமத்தில் இறங்கச் சொன்னார். கடற்கரை மணலில், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை கல்லறைகள். ஒவ்வொன்றுக்கும் வாசல் வளைவு, தூண்களைச் சுற்றிய டிராகன், பல அடுக்குக் கூரை, நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் பீங்கான் சில்லுப் பதிப்பு. நேற்று அரசர் கல்லறையில் பார்த்த அதே வேலைப்பாடு, இங்கே மீனவர் குடும்பங்களுக்கு. போருக்குப் பிறகு இந்தக் கிராமத்திலிருந்து படகேறி வெளிநாடு போனவர்கள் அதிகம். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவைதான் இத்தனையும்.

"உயிரோட இருக்கிறவங்க வீடெல்லாம் எங்கே?" என்றார் அம்மா. டிரைவர் சாலைக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். சவுக்கு மரங்களுக்கு இடையே தாழ்ந்த ஓட்டு வீடுகள். பிறகு போனில் நீளமாகப் பேசி எங்களிடம் நீட்டினார்: "போனவர்கள் அப்பா அம்மா சாவுக்கு வர முடியவில்லை. வர முடியாதவன் வேறு என்ன அனுப்புவான்?" அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். இதை ஆடம்பரம் என்று எழுதும் பயணிகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எந்த ஊர்க்காரருக்கும் இந்தக் கல்லறைகள் புரியும்.

து ஹியென் பாலத்தில் காயலின் முகத்துவாரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையோடு சேர்ந்துகொண்டோம். லாப் ஆன் கழியோரம் சிப்பி வளர்க்கும் கம்புகளைப் பார்த்தபடி ஒரு கடையில் உப்புக் காப்பி குடித்தோம். வடிகட்டிய கடுங்காப்பிமேல் உப்புச் சேர்த்து அடித்த பால் நுரை. ஹுவேயில் பிறந்து நாடெங்கும் பரவிய பானம் இது. அம்மா முதலில் முகம் சுளித்தார், பிறகு இன்னொன்று கேட்டார்.

லாங் கோ தாண்டியதும் சாலை பிரிகிறது. எல்லா வண்டிகளும் சுரங்கத்தின் பக்கம் போக, நாங்கள் மலையேறினோம். எங்களோடு ஏறியவை பைக்குகளும் பெட்ரோல் டேங்கர்களும்தான். எரிபொருள் வண்டிகளைச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை, பைக்கில் வருகிறவர்களும் ஓட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. கணவாய்ச் சாலை மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். கொண்டை ஊசி வளைவுகளில் டேங்கர் எதிரே வந்தால் டிரைவர் ஹாரன் அடித்து, நின்று, வழிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு வளைவிலும் கீழே லாங் கோ தெரிகிறது: ஒரு பக்கம் கழி, மறுபக்கம் கடல், நடுவே மெல்லிய மணல் நாக்கு, அதன் நுனியில் பாலம். இன்னும் கீழே, பாறைக்கும் அலைக்கும் இடையே தண்டவாளம். நல்ல நேரத்துக்கு ஒரு ரயில் வந்தது. நீலமும் சிவப்புமான பெட்டிகள் ஒரு குகைக்குள் நுழைந்து மறு குகையில் வெளிவரும் வரை அம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.

உச்சி 496 மீட்டர். அங்கே ஹாய் வான் வாசல் நிற்கிறது. மின் மாங் 1826இல் கட்டிய செங்கல் அரண். ஹுவே பக்கம் பார்த்த வாசலில் அதன் பெயர், தெற்கே பார்த்த வாசலில் "வானத்தின் கீழ் முதன்மையான அரண்" என்ற பொருளில் சீன எழுத்துகள். சுற்றிலும் பிரெஞ்சுக்காரர்களும் பிறகு அமெரிக்கர்களும் பயன்படுத்திய பதுங்கு அரண்கள், துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகளோடு. இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று ஹுவேயும், மலைக்குத் தெற்கே இருக்கும் டா நாங் நகரமும் வெகுகாலம் இழுபறியில் இருந்து, கடைசியில் இரண்டு தரப்பும் சேர்ந்தே புதுப்பித்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். பதுங்கு அரண்களை இடிக்காமல் விட்டிருப்பது நல்ல முடிவு. கலயத்தில் பார்த்த வாசல் இதுதானா என்று அம்மா கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இங்கே நின்றால் பழைய இரண்டு நாடுகளின் எல்லையில் நிற்கிறோம் என்பதை உணர வேண்டும். இந்த மலைக்கு வடக்கே வியட்நாமியரின் தாய் வியட் இருந்தது, அதற்குத் தெற்கே சாம் மக்களின் சம்பா. அதற்கும் முன்பு ஹுவே இருக்கும் நிலமும் சம்பாவுடையதுதான். 1306இல் சம்பா அரசன் மூன்றாம் ஜெயசிம்மவர்மன், தாய் வியட்டின் இளவரசி ஹுயென் சானை மணந்தான். அதற்கு ஈடாகக் கொடுத்த இரண்டு மாவட்டங்களில் இன்றைய ஹுவேயும் அடங்கும். மறு வருடமே அரசன் இறந்துபோனான், இளவரசி தாய்நாடு திரும்பினாள், நிலம் திரும்பவில்லை. அதன்பின் எல்லை தெற்கே நகர்ந்துகொண்டே போனது. 1471இல் சம்பாவின் தலைநகர் விஜயாவும் விழுந்தது. இந்த ஒரு கல்யாணத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இங்கிருந்து தெற்கே காணும் ஒவ்வொரு செங்கல் கோபுரமும் வேறு மாதிரித் தெரியும். அதற்காகவே இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வாசலைத் தாண்டித் தெற்கே இறங்கத் தொடங்கியதும் தூறல் நின்றது. நான்கைந்து வளைவுகளுக்குள் வெயில். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றை இந்த மலை தடுத்துவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் ஹுவே நனைந்துகொண்டிருக்கும்போது டா நாங் காய்ந்துகொண்டிருக்கும். டிரைவர் கண்ணாடிகளை இறக்கிவிட்டார், அம்மா ஸ்வெட்டரைக் கழற்றினார். கீழே டா நாங் விரிகுடா, அப்பால் சோன் சா தீபகற்பம்.

டா நாங் வந்ததும் எல்லாரும் பா நா மலைக்குப் போய், பெரிய கைகள் தாங்கும் பாலத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு முழுநாள் போய்விடும். சாம் சிற்ப அருங்காட்சியகம் ஊர் நடுவிலேயே இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் போதும். நம் ஆட்கள் அங்கே குறைவாகத்தான் வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பார்மாந்தியே முதலானோர் சேகரித்த சிற்பங்களைக் கொண்டு 1919இல் திறந்த காட்சியகம். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் அம்மா சட்டென்று செருப்பைக் கழற்றினார். எதிரே பிள்ளையார். நின்ற கோலம், நான்கு கை, தொந்தி, துதிக்கை இடப்பக்கம் வளைந்து கிண்ணத்தில். மீ சன் கோயிலிலிருந்து வந்தவர், வயது ஆயிரத்தைத் தாண்டும். காவலர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சற்று நகர்ந்துகொண்டார்.

அங்கிருந்து ஒரு பீடத்தின் முன் போய் நின்றோம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மணற்கல் பீடம், மேலே ஒரு காலத்தில் லிங்கம் இருந்திருக்கிறது. அதன் பக்கவாட்டில் தவசிகளின் அன்றாட வாழ்க்கை: ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் பாடம் சொல்கிறார், ஒருவர் இன்னொருவரின் உடம்பைப் பிடித்துவிடுகிறார். தெய்வத்தின் காலடியில் இத்தனை சாதாரணமான காரியங்களைச் செதுக்கிய மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஹோய் ஆன் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின இரவு என்பதால் பழைய ஊரில் மின்விளக்குகளைக் குறைத்து, காகித விளக்குகளை ஏற்றியிருந்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. அம்மாவுக்கு அலுப்பு. ஆற்றங்கரையில் கொஞ்சம் நின்றுவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

செவ்வாய், மீ சன்

நேற்றைய டிரைவரையே இன்றும் பேசிவிட்டோம். ஹோய் ஆனிலிருந்து மீ சன் 40 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்று விடியலில் கிளம்பினோம். வாசலிலிருந்து மின்வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அதன்பின் நடை. சமதளம்தான், முட்டி வலி உள்ளவர்களும் நிதானமாகப் போகலாம்.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்திரவர்மன் என்ற சம்பா அரசன் இங்கே பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்தான். தெய்வத்துக்குத் தன் பெயரையும் சேர்த்து வைக்கும் வழக்கம் நமக்குப் பழக்கமானதுதானே. பிறகு வந்தவர்கள் 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்த இடம். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, அடுக்கி முடித்த சுவரின்மேலேயே சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவற்றைச் சோழர் கட்டியதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையில்லை. கட்டியவர்கள் சம்பா அரசர்கள். கல்வெட்டுகள் சம்ஸ்கிருதத்திலும் பழைய சாம் மொழியிலும் இருக்கின்றன. நமக்கு உள்ள தொடர்பு எழுத்தில் இருக்கிறது: பல்லவர் எழுத்தின் வழியில் வந்ததுதான் சாம் எழுத்து. அந்த உறவே பெரிது. அடுத்தவர் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் இங்கே குண்டு போட்டன. இருந்தவற்றிலேயே மிக உயர்ந்த கோபுரம் நொறுங்கியது. குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடி இன்னும் இருக்கின்றன, பாதை அவற்றைச் சுற்றித்தான் போகிறது. போருக்குப் பிறகு போலந்துக்காரர் கசிமியேஷ் க்வியாத்கோவ்ஸ்கி வருடக்கணக்கில் இங்கே தங்கி, விழுந்த செங்கற்களைத் தேடி எடுத்து நிறுத்தினார். ஹோய் ஆனின் பழைய வீடுகளைக் காப்பாற்றியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1997இல் ஹுவேயில் வேலை செய்துகொண்டிருந்தபோது அங்கேயே இறந்தார். அவருக்கு ஹோய் ஆனில் சிலை வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் நம் தொல்லியல் துறையும் இங்கே சில கோயில்களைச் சீர்செய்திருக்கிறது. அந்த வேலையின்போது, 2020 மே மாதம், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லால் ஆன சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதன் முன் போய் நின்றோம். கூரை இல்லை, வெயில் நேராகக் கல்மேல். அம்மா தேவாரம் ஒன்றை வாய்க்குள் சொன்னார். டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை பின்னால் நின்றார்.

"பூஜை இல்லாம விட்டுட்டாங்களே" என்றார் அம்மா திரும்பி வரும் வழியில். இங்கே இல்லை, தெற்கே உண்டு என்றேன். சாம் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். பான் ராங் பக்கத்துச் சாம் இந்துக்கள் வருடாவருடம் காத்தே திருவிழாவுக்கு போ குலோங் கராய் கோயிலில் கூடுகிறார்கள். முகலிங்கத்துக்கு நீராட்டி, ஆடை உடுத்திக் கும்பிடுகிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டியவன், இளவரசியை மணக்க ஹுவே நிலத்தைக் கொடுத்த அதே ஜெயசிம்மவர்மன்.

இதைக் கேட்டதும் அம்மா டிரைவரிடமே நேராக, கை சைகையோடு, "அங்கே வரீங்களா?" என்றார். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் என்று கணக்குப் பார்த்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே முடியாது என்று தலையாட்டினார், பிறகு போனை எடுத்து ரயில் நேரம் தேடிக் கொடுத்தார். டா நாங்கிலிருந்து தாப் சாம் நிலையத்துக்கு இரவு வண்டி. கோயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. சைகோன் போகும் விமானச் சீட்டை ரத்து செய்துவிட்டு, கீழ்ப்படுக்கையாகப் பார்த்து இரண்டு இடம் எடுத்திருக்கிறேன். நாளை இரவு கிளம்புகிறோம்.